எஞ்சினுக்கு மேலே கேட்கும் குரல்

அஜிதா பாடுவது திறந்து வைத்த பீரோவைப் பார்த்துத்தான். பீரோவுக்குள் மகளுடைய சுடிதார்களும், தன் கல்யாணப் புடவையும், வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த இரண்டு கம்பளிகளும் தொங்கும். துணிக்கு நடுவே பாடினால் குரல் சுவரில் முட்டித் திரும்பாது என்று அவள் கணவன் பெனிட்டோ ஏதோ ஒரு வீடியோவில் பார்த்து வைத்திருந்தான். ஜன்னலில் மெத்தையைச் சாத்துவான். மின்விசிறியை நிறுத்துவான். கதவின் அடியில் தான் உடுத்துக் கிழிந்த பழைய சாரம் ஒன்றைச் சுருட்டிச் செருகுவான். எல்லாம் முடிந்த பிறகுதான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ம், பாடு" என்பான். சித்திரை மாத மதியத்தில் அந்த அறைக்குள் ஒரு பாட்டை முழுதாகப் பாடி வெளியே வருகிறவளுக்குத் தனியாகத் தவக்காலம் தேவையில்லை என்று அஜிதா சொல்லுவாள்.

இவ்வளவு செய்தும் கடல் உள்ளே வந்துவிடும். குளச்சலுக்கு மேற்கே, ரோட்டைத் தாண்டினால் அலைக்குப் போட்ட கருங்கல், கல்லைத் தாண்டினால் தண்ணீர் என்று இருக்கிற வீட்டில் வேறு என்ன நடக்கும்? ஒரு பாட்டு ஆடியில் பாடியதா தையில் பாடியதா என்று பின்னால் கேட்கிற இரைச்சலை வைத்தே அஜிதா சொல்லிவிடுவாள். அந்த இரைச்சலை அழிக்க லேப்டாப்பில் வழி உண்டு. ஆனால் முழுக்க அழித்தால் கடலோடு சேர்ந்து குரலின் ஈரமும் போய்விடுகிறது என்று பெனிட்டோ பாதியில் நிறுத்திக்கொள்வான். அவர்களுடைய எல்லாப் பாட்டிலும் கொஞ்சம் கடல் இருந்தது.

அஜிதா வீட்டிலிருந்தபடியே பிளவுஸ் தைக்கிறவள். பெனிட்டோ தன் மாமா மரியானின் வள்ளத்தில் எஞ்சின் பிடிக்கிறவன். மகள் பெபிஷா நர்சிங் படிக்கத் திருவனந்தபுரம் போன பிறகு காலியான அறையைத்தான் அவன் ஸ்டுடியோ என்று சொல்லிக்கொண்டான். ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டு வாய்க்குள் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களும் யூடியூபில் 'அஜிதா பாடல்கள்' என்று தேடிப் பார்க்காமல் இருக்கவில்லை. பழைய சினிமாப் பாட்டுகள், கோயிலில் பாடுகிற மாதா பாட்டுகள், அவ்வளவுதான். இசையெல்லாம் பெனிட்டோவின் கீபோர்டு, குரல் அவளுடையது. பாட்டுகள் குவைத்துக்கும் துபாய்க்கும் போயின. விடியலில் கடலுக்குப் போகிற வள்ளங்களிலும் போயின.

அவன் முதலில் வாசித்தது கோயில் கீபோர்டுதான். ஒரு வருஷம் திருவிழாவுக்குப் பக்கத்து ஊர்ப் பாடகர் குழு வந்திருந்தது. கடல்மேல் போகிறவர்களுக்காக மாதாவிடம் மன்றாடுகிற ஒரு பழைய பாட்டை அந்தக் குழுவில் ஒருத்தி தனியாகப் பாடினாள். இரண்டாவது சரணத்தில் கீபோர்டு நின்றுபோயிற்று. மின்சாரம் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். மின்சாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசித்துக்கொண்டிருந்தவன்தான் கையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று வருஷம் கழித்து அந்தப் பெண் அவன் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். வந்த ஆண்டிலேயே அவனுடைய அப்பா போய்ச் சேர்ந்தார். அவன் கீபோர்டைக் கோயிலில் விட்டுவிட்டு மரியானின் வள்ளத்தில் ஏறினான்.

எஞ்சின் பிடிக்கிறவனுக்கு இடம் அமரத்தில், அதாவது வள்ளத்தின் பின்பக்கத்தில். கைப்பிடியைப் பிடித்தபடி எஞ்சினை ஒட்டி உட்கார வேண்டும். மற்றவர்கள் வலையை எடுக்கலாம், அணியத்துக்குப் போய் முன்னால் நிற்கலாம், பீடி குடிக்கலாம். அவன் மட்டும் கரை திரும்புகிற வரைக்கும் அந்த இரைச்சலோடு கிடக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் கிடந்தான். கரைக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் உரக்கத்தான் பேசுவான். கடற்கரை ஊரில் யார்தான் மெதுவாகப் பேசுகிறார்கள்? அதனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அஜிதாவும் கவனிக்கவில்லை.

மகள் ஊரை விட்டுப் போனதும் வீடு வெறிச்சென்று ஆயிற்று. ஆடிக் காற்றில் வள்ளம் இறங்காத நாட்களில் பெனிட்டோ போனும் கையுமாக உட்கார்ந்து, வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிற வித்தையை வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கற்றுக்கொண்டான். பழைய லேப்டாப் ஒன்று வந்தது, மைக் வந்தது, கீபோர்டு வந்தது. வலைக் கண்ணியில் அறுந்ததைத் தேடிப் பிடிக்கிற அதே பொறுமையோடு ஒரு வரியில் விழுந்த இருமலை வெட்டி எடுப்பான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அஜிதா கல்யாணத்துக்கு முன்னால் கீபோர்டு பக்கத்தில் பார்த்தது. அதற்காகவே அவன் பாடச் சொன்னபோதெல்லாம், தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நின்றாலும், எழுந்துபோய்ப் பீரோ முன்னால் நின்றாள்.

குறை ஒன்றே ஒன்றுதான். பாடி முடித்ததும் மிக்ஸிங் என்று உட்காருவான். குரலையும் இசையையும் சேர்த்து, எது முன்னால் வர வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. அதில் ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போவான். குரலின் மேல்பக்கத்துக் கூர்மைதான் ட்ரெபிள். ஒரு அளவு வரைக்கும் குரல் தெளியும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு 'ச'வும் தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல இருக்கும்.

"கொஞ்சம் கூடுதலா இருக்கு," என்று அவள் ஒரு தடவை சொன்னாள்.

"பாடினவளுக்குத் தன் சத்தம் கூடுதலாத்தான் கேக்கும். நீ சும்மா இரி."

கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. பாட்டுக்குக் கீழே, குரல் தேன், மிக்ஸிங் தகரம் என்று ஒருவர் எழுதினார். ஹெட்போனில் கேட்டேன், தலைவலி வந்துவிட்டது என்று இன்னொருவர் எழுதினார். பெனிட்டோ அதைப் படித்துவிட்டுப் போனைக் கட்டிலில் எறிந்தான்.

"பொறாமையாக்கும். கரையில சும்மா குத்தியிருக்கவனுக்கு எழுதச் சொல்லியா குடுக்கணும்?"

அஜிதா இன்னொரு தடவையும் வாயெடுத்தாள். அதே பதில்தான் வந்தது. பிறகு அவள் வாயைக் கட்டிக்கொண்டாள். மகள் பெபிஷா கட்டிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் போகும்போது இயர்போனில் கேட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, உன் பாட்ட என் கூட்டுக்காரிமாருக்குக் கேக்கக் குடுக்க முடியல்ல. ஒருத்தி செவியைப் பொத்திட்டா. அப்பாக்கு இது கேக்கல்லயா?"

மகள் பேச்சுவாக்கில்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அஜிதாவின் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. அவளுக்கு உடனே தண்ணீர்க் குழாய் ஞாபகம் வந்தது.

அந்தத் தெருவில் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. வருவதற்கு முன்னால் குழாய் காற்றை விட்டுச் சீறும். அந்தச் சீறலைக் கேட்டதும் தெருவே குடமும் கையுமாக ஓடும். சில நாட்களுக்கு முன்னால் அவள் துணி கொடுக்கப் போயிருந்தபோது பெனிட்டோ முற்றத்தில், குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தூண்டில் நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பி வந்தபோது தெருவில் எல்லா வீட்டிலும் குடங்கள் நிறைந்திருந்தன. அவர்கள் வீட்டில் மட்டும் காலிக் குடங்கள் வரிசையாக இருந்தன, தண்ணீர் வந்து நின்றும்போயிருந்தது. நினைப்பெல்லாம் பாட்டில் இருந்தால் தண்ணீர் எப்படித் தெரியும் என்று அன்றைக்கு அவனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவனும் ஆமாம் என்பதுபோலச் சிரித்துக்கொண்டான். பக்கத்திலேயே இருந்தவனுக்கு அந்தச் சீறல் கேட்கவே இல்லையோ என்று இப்போது அவளுக்குத் தோன்றியது.

எஞ்சின்காரனிடம் போய், உன் காது சரியில்லை என்று எப்படிச் சொல்வது? அதுவும் பாட்டைத் தவிர வேறு சந்தோஷம் இல்லாத ஒருவனிடம்? அவள் சொல்லவில்லை. வேறொன்று செய்தாள்.

பாட்டை யூடியூபில் ஏற்றுகிற வேலை எப்போதுமே அவளுடையதுதான். விடியற்காலையில்தான் அந்த வீட்டில் நெட் ஒழுங்காகக் கிடைக்கும், அந்த நேரத்தில் அவன் கடலில் இருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரியாமலா இருக்கும்? ஈஸ்டருக்குப் பிறகு ஒருநாள், அவன் போன பின்னால் லேப்டாப்பைத் திறந்து ட்ரெபிளைக் கீழே இறக்கினாள். தன் குரல் தன் குரலாகக் கேட்கிற இடத்தில் நிறுத்தினாள். அதைத்தான் ஏற்றினாள். அவனுடைய போனில் அவன் செய்து வைத்திருந்தது அப்படியே கிடந்தது.

அந்த வாரமே பேச்சு மாறிவிட்டது. அருமை என்றார்கள், இப்போதுதான் கேட்கும்படி இருக்கிறது என்றார்கள். முன்பு தகரம் என்று எழுதியவரே வந்து கைகூப்பிவிட்டுப் போனார். பெனிட்டோவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா ஏட்டி? நான் ஒண்ணும் மாத்தல்ல. அவனுவளுக்குச் செவி பழகிற்று. அவ்வளவுதான்."

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். சொல்லிவிடுவோம் என்று நெஞ்சு வரை வரும், அவன் சிரிப்பைப் பார்த்ததும் விழுங்கிவிடுவாள். அடுத்த பாட்டையும் இறக்கினாள், அதற்கடுத்ததையும் இறக்கினாள். நல்லதுக்குத்தானே செய்கிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும், அவன் விடியலில் சிலுவை போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டியதும் லேப்டாப்பைத் திறக்கும்போது திருடப் போகிறவள்போல ஜன்னலைச் சாத்தத்தான் செய்தாள்.

ஊர்த் திருவிழாவுக்குக் கொடியேற இன்னும் சில வாரங்கள் இருந்தன. அந்த மாதா பாட்டை, அன்றைக்கு அவன் வாசிக்க மறந்துபோன அந்தப் பாட்டை, இந்தத் திருவிழாவுக்குச் செய்துவிட வேண்டும் என்பது பெனிட்டோவின் ஆசை. இத்தனை நாள் அதைத் தொடாமல் வைத்திருந்தான். கை நன்றாகப் பழகிய பிறகுதான் அதைச் செய்வேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போது எல்லோரும் புகழவும் துணிந்துவிட்டான். அவள் பாடி முடித்தாள். கீபோர்டு வாசித்தான், இரண்டாவது சரணத்தில் நிற்காமல் வாசித்தான். மிக்ஸிங் மட்டும் பாக்கி.

அப்போதுதான் அஜிதாவின் திருட்டு வெளியே வந்தது. கடலில் நடந்ததை மரியான் பின்னால் அவளிடம் சொன்னார். மரியான் வள்ளத்தின் உடமைக்காரர், பெனிட்டோவுக்கு அம்மா வழியில் மாமா. அவருக்குப் பாட்டுப் பைத்தியம். வள்ளத்தின் அணியத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கயிறு போட்டுக் கட்டி வைத்து, போகும்போதும் வரும்போதும் 'அஜிதா பாடல்கள்' போடுவார். அன்றைக்கு அவர் பின்னால் திரும்பிக் கத்தியிருக்கிறார்.

"ஏலே பெனிட்டோ, இப்பம் உள்ள பாட்டு ஒண்ணும் கேக்க மாட்டேங்குதே. முன்ன உள்ளது எஞ்சினுக்கு மேல நிக்கும். இது எஞ்சினுக்கு அடியில கெடக்கு. நீ என்ன செஞ்ச?"

"நான் ஒண்ணும் மாத்தல்ல மாமா. ஸ்பீக்கர் போயிருக்கும்."

ஸ்பீக்கர் போகவில்லை. மரியான் போன வருஷத்துப் பாட்டு ஒன்றைப் போட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது கணீரென்று அமரம் வரைக்கும் வந்தது. வள்ளத்தில் இருந்த எல்லோரும், இதாக்கும் பாட்டு என்றார்கள். மறுபடி புதியதைப் போட்டார், அது எஞ்சினில் கரைந்துபோயிற்று. வலை போட எஞ்சினை நிறுத்தியதும் பெனிட்டோ தன் போனை எடுத்திருக்கிறான். யூடியூபிலிருந்து இறக்கி வைத்த பாட்டையும், தான் செய்து வைத்திருந்த அதே பாட்டையும் மாறி மாறிக் காதில் வைத்தான்.

"வல வலிக்கக் கூப்பிட்டாலும் வரல்ல மக்கா," என்றார் மரியான். "அந்தப் போனையே வச்சிட்டு இருந்தான். மொகம் செத்துப் போச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல."

அன்று அவன் கரைக்கு வந்து, குளித்து, சாப்பிட்டான். அஜிதா தையல் மெஷினில் இருந்தாள். அவன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போன ஞாயித்துக்கெழம போட்ட பாட்ட நீ தொட்டியா?"

மெஷின் நின்றது. பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"தொட்டேன்."

"அதுக்கு முன்ன உள்ளத?"

"ஈஸ்டருக்குப் பொறவு போட்டது ஒண்ணு விடாம ஒக்கத் தொட்டேன்."

கோபப்படுவான் என்றுதான் அவள் நினைத்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பம் நல்லாருக்குன்னு இவ்வளவு பேரு எழுதினது எனக்கில்ல," என்றான்.

"அப்படிச் சொல்லாதிங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா அஜி?"

"ரெண்டு மட்டம் சொன்னேன். நீங்க பொறாமைன்னு சொன்னிய."

"அது அவனுவளச் சொன்னேன். உன்னச் சொல்லுவேனா?"

அவன் மகளுடைய அறைக்குள் போனான். ஜன்னலில் சாத்தியிருந்த மெத்தையை எடுத்துக் கட்டிலில் போட்டான். பீரோவைச் சாத்தினான். லேப்டாப்பை அதன் பைக்குள் வைத்துப் பரணில் ஏற்றினான். சத்தம் போடாமல், ஒவ்வொன்றாக, செத்த வீட்டில் சாமான்களை ஒதுக்குகிறவர்கள்போலச் செய்தான். அஜிதா மெஷினை விட்டு எழவில்லை. பாதி தைத்த பிளவுஸை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு, சோறு வேண்டுமா வேண்டாமா என்கிற அளவில் நின்றது. கோயிலில் பந்தல் போட ஆரம்பித்தார்கள். பாட்டு எப்போது வரும் என்று வழியில் கேட்டவர்களுக்கு அவள் வரும் வரும் என்று சொல்லிவைத்தாள். பெபிஷா போனில், காதைச் சோதித்துப் பார்க்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ என்று நச்சரித்தாள். அவனிடம் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவான்.

ஒரு நாள் மாலை அவள் அடுக்களையில் இருந்தாள். முற்றத்தில் குழாய் சீறியது. குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பெனிட்டோ குழாய் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்திருந்தான். காற்று அவன் கையில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் கையை எடுத்துவிட்டுக் குனிந்து காதை வைத்தான். மறுபடி கையை வைத்தான். மறுபடி காதை வைத்தான். தெருவில் பெண்கள் குடத்தோடு ஓடுகிற சத்தம் கேட்டது. கடைசியில் தண்ணீர் வந்து அவன் காதிலும் கன்னத்திலும் கொட்டியது. அவன் முகத்தைத் துடைக்காமல் திரும்பினான். வாசலில் அவள் நிற்பதைப் பார்த்தான்.

"நாளைக்குப் போவோம்," என்றான்.

நாகர்கோவிலில் ஒரு காது டாக்டர். அங்கே சோதனை செய்கிற பெண் பெனிட்டோவை ஒரு சின்ன கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். எவ்வளவு சின்னதாகச் சத்தம் கேட்டாலும் அமுக்க வேண்டும் என்று சொன்னாள். அஜிதாவை வெளியே, தன் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அந்தப் பெண் ஒவ்வொரு சத்தமாக அனுப்பும்போதும் மெஷினில் ஒரு பச்சை விளக்கு எரிந்து அணைந்தது.

முதலில் விளக்கு எரிந்தபோதெல்லாம் பெனிட்டோவின் கட்டைவிரல் அசைந்தது. அஜிதாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு அந்தப் பெண் சுருதியை மேலே ஏற்றினாள். விளக்கு எரிந்தது, விரல் அசையவில்லை. மறுபடி எரிந்தது, அசையவில்லை. அவன் கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, பட்டனில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போதுகூட அவன் அவ்வளவு கவனமாக நின்று அவள் பார்த்ததில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இப்போது, இதோ இப்போது என்று கண்ணாடியைத் தட்டிச் சொல்லிவிட வேண்டும்போல அவளுக்குக் கை பரபரத்தது. புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். அதில் ஒரு கோடு பாதிவரை நேராகப் போய், பிறகு கீழே விழுந்திருந்தது. இடது காதின் கோடு இன்னும் சீக்கிரமாக விழுந்திருந்தது. என்ன வேலை என்று கேட்டார். பெனிட்டோ சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டார். எஞ்சின் பிடிக்கிற ஆட்கள் நிறையப் பேர் இப்படித்தான் வருகிறார்கள், இன்னும் நிறையப் பேர் வருவதில்லை என்றார். கீழ்ச் சத்தமெல்லாம் கேட்கும், மேல் சத்தம்தான் போய்விட்டது, கொலுசு, குருவி, குழாய்க் காற்று, இதெல்லாம் இனிமேல் இல்லை என்றார். பெண்கள் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும் என்றார். காதில் வைக்கிற கருவி ஒன்றைப் பற்றிச் சொன்னார், வள்ளத்தில் இருக்கும்போது காதை அடைத்துக்கொள்ளச் சொன்னார்.

பெனிட்டோ ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"பாட்டு, டாக்டர்?"

"கேக்கலாம். ஏன் கேக்கக் கூடாது? ஆனா எங்களுக்குக் கேக்குற மாதிரி உங்களுக்கு இருக்காது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவன் இருந்தான். பஸ் இரணியல் தாண்டியது. பிறகு அவன் வெளியே பார்த்தபடியே பேசினான். பஸ் இரைச்சலில் எஞ்சின்காரனின் குரல் உரக்கத்தான் வரும். ஆனால் அன்றைக்கு அவள் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"நான் கண்ணுமண்ணு தெரியாம ஏத்தினேன்னு நெனச்சியா அஜி?"

"இல்ல."

"அன்னைக்குத் திருவிழாவுல நீ பாடினது எனக்கு இப்பமும் உள்ள கெடக்கு. மிக்ஸிங்குக்கு இருக்கும்போ அதத்தான் நெனச்சிட்டு இருப்பேன். மொதல்ல கேக்கும்போ வேற யாரோ பாடுத மாதிரி இருக்கும். பைய ஏத்துவேன். ஏத்திட்டே போகும்போ ஒரு எடத்துல நீ வந்திருவ. அந்த எடத்துல நிறுத்திருவேன். அதுக்கு மேல ஒரு பொட்டு ஏத்தினதில்ல."

அஜிதா முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவன் பாட்டைக் கெடுத்துவிட்டான் என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். அவனோ, இருபது வயதில் கோயில் மேடையில் நின்று பாடிய ஒருத்தியைத் தனக்குள் போய்த் தேடி, ஒவ்வொரு பாட்டிலும் கண்டுபிடித்து, வெளியே கொண்டுவந்து வைத்திருக்கிறான். அவன் வாசலைத் தாண்டியதும் இவள் லேப்டாப்பைத் திறந்து அவளைத்தான் இறக்கி வைத்தாள். நினைக்க நினைக்க அவளுக்குத் தாங்கவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்ப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் அழுதாள். பெனிட்டோ அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"இனிமேட்டு மிக்ஸிங் நீ செய்யி," என்றான். "நான் வாசிக்கேன். அது இன்னும் போவல்ல."

அடுத்த நாள் அவனே பரணிலிருந்து லேப்டாப்பை இறக்கினான். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மாதா பாட்டு வெளிவந்தது. மிக்ஸிங் அஜிதா என்று அவனே போட்டான், அவள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கோயிலில் அதைப் போட்டார்கள். குவைத்திலிருந்தும் துபாயிலிருந்தும், ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று எழுதினார்கள். வள்ளக்காரர்களுக்கு என்று ட்ரெபிளைத் தூக்கி வைத்து அவள் தனியாக ஒன்று செய்து மரியானுக்கு அனுப்பினாள். அவர் அதை மற்ற வள்ளங்களுக்கும் அனுப்பிவைத்தார். எஞ்சின் ஓடுகிற கடலில் இப்போது அது கேட்கிறது.

திருவிழா முடிந்து பந்தல் பிரித்த பிறகு ஒரு மதியம், அஜிதா மகளுடைய அறைக் கதவைச் சாத்தினாள். பெனிட்டோவைக் கட்டிலில் உட்காரவைத்து லேப்டாப்பைத் திறந்தாள். இயர்போனின் ஒரு முனையை அவனுடைய வலது காதில் வைத்தாள், அதுதான் கொஞ்சம் கேட்கிற காது. இன்னொரு முனையைத் தன் இடது காதில் வைத்துக்கொண்டு அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

"எங்க நிறுத்தணும்னு நீங்க சொல்லுங்க," என்றாள்.

பாட்டு ஆரம்பித்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் மெதுவாக ஏற்றினாள். தன் குரல் தன் குரலாகக் கேட்கிற இடத்தைத் தாண்டினாள்.

"இன்னும்," என்றான்.

ஏற்றினாள். மரியானுக்கு அனுப்பிய அளவையும் தாண்டினாள். ஒவ்வொரு 'ச'வும் காதைக் குத்தியது. பின்னால் இருந்த கடல்கூடக் கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் விழுந்ததுபோலப் பொரிந்தது. அவளுக்குப் பல் கூசியது.

"இன்னும் ஒரு பொட்டு."

இன்னும் ஒரு பொட்டு ஏற்றினாள். அவன் முகம் தளர்ந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த முகம் அது.

"நில்லு," என்றான்.

"வந்திற்றா?"

"நீ வந்திற்ற."

அவன் அவள் பக்கம் திரும்பாமலே, கண்ணைத் திறக்காமலே, அவள் தோளில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது சரணம் வந்தது. காது வலித்து அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, வலியினால் மட்டும் வழிந்த தண்ணீரும் அல்ல. பாட்டு முடிகிற வரைக்கும் அஜிதா தன் காதிலிருந்ததை எடுக்கவில்லை.